தலைச்சுமை

காலை வெயில் நீச்சல்குளத்தின் தரையில் வலைவலையாக ஆடுகிறது. பேருந்து ஓட்டும் அக்கா தண்ணீரில் மல்லாந்து கிடக்கிறாள். நீச்சல் சொல்லித்தரும் தங்கை அவள் பின்தலையை உள்ளங்கையில் தாங்கி நிற்கிறாள். யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் அந்தத் தலைக்குள் ஒரு வருடமாக ஓர் அழுத்தம். எடுக்காத ஸ்கேன் இல்லை. எதிலும் காரணம் பிடிபடவில்லை. வேலைக்கு மட்டம் போடச் சாக்கு என்று வீட்டிலேயே முணுமுணுத்தார்கள். "கழுத்த விடுக்கா, நான் பிடிச்சிருக்கேன்ல." அக்கா விடுகிறாள். தண்ணீர் காதுகளை மூடுகிறது. நெற்றிச் சுருக்கம் மெல்லப் பிரிய, கண்கள் சட்டென்று விரிகின்றன. "ஏய், பாரம் இல்லடீ! சுத்தமா இல்லடீ!" அவள் போட்ட கூச்சலில் குளமே திரும்பிப் பார்க்கிறது. தங்கை அவள் காதருகே குனிகிறாள். "வெளிய வந்ததும் மறுபடி வந்தா என்னக்கா பண்ணுவ?" "வரட்டுமே! எங்க இறக்கி வைக்கணும்னு தெரிஞ்சுபோச்சில்ல!" தண்ணீரை ஓங்கி அறைந்து சிரிக்கிறாள் அக்கா.