பதினைந்து வருஷ நாக்கு

ஐஸ்கிரீம் கம்பெனியில் ருசி பார்ப்பவருக்குக் காய்ச்சல் விட்டும் நாக்கு சரியாகவில்லை. எதைத் தின்றாலும் தீய்ந்த வாடை. இன்று காலை காபி மணக்கவும், தைரியமாக வேலைக்கு வந்துவிட்டார்.

"சாக்லேட் பிரவுனி, அண்ணே. நீங்க சரின்னா லாரி கிளம்பிடும்" என்றார் மேனேஜர்.

முதல் கரண்டி. சாக்லேட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. கன்னங்கரேலென்ற பிரவுனித் துண்டைக் கடித்ததும் அதே தீய்ந்த வாடை!

நாக்கு இன்னும் சரியாகவில்லையோ? பதினைந்து வருஷமாக இந்த நாக்கை நம்பித்தான் பிழைப்பு. வேறு வேலை எதுவும் தெரியாது.

"என்னண்ணே, இப்படி வேர்க்குது?"

"ஒண்ணுமில்ல. பிரமாதம்!"

ஒப்புதல் சீட்டில் கையெழுத்துப் போட்டார். லாரி கிளம்பியது.

சற்று நேரத்தில், பிரவுனி சுடும் பெண் மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"சார், அடுப்புல தீய்ஞ்சுபோன ஒரு தட்டு பிரவுனியைத் தனியா எடுத்து வச்சிருந்தேன். யாரோ தெரியாம அதையும் ஐஸ்கிரீம்ல கலந்துட்டாங்க!"

"அப்ப என் நாக்கு நல்லாத்தான் இருக்கு!" துள்ளிக் குதித்தார் அவர்.

மேனேஜர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"அப்ப தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா, சார்?"