பாகற்காய்ப் புகார்

ஒரே ஒரு ஊரு. அங்கே ராஜாவும் இல்லை, ராணியும் இல்லை. ஜொகூர் பாருவில் ஓர் அடுக்குமாடி வீடு, அதில் திருச்செல்வம், அவர் மனைவி வாசுகி. பெற்ற பிள்ளை இல்லை. நலத்துறை மூலம் வளர்க்க வந்த பிள்ளை இருந்தது. பெயர் லோஷினி. வயசு ஏழு, வாய்க்கு மட்டும் எழுபது.

அன்றைக்கு லோஷினியைப் பற்றி மறுஆய்வுக் கூட்டம். வாசுகி காலையிலேயே பிள்ளைக்குப் பட்டுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துவிட்டாள்.

"பொண்ணு பாக்கவா வராங்க? வெல்பேர் ஆபீஸ் மீட்டிங் லா" என்றார் திருச்செல்வம்.

"உங்களுக்கென்ன! அவ தாய்மாமன் வராரு. பிள்ளை இனிமே நம்மகிட்டயா, அவருகிட்டயான்னு இன்னைக்குத்தான் பேசப்போறாங்க." வாசுகி லோஷினியின் முகத்தை நிமிர்த்தி, "மிஸ் கேட்டா என்னடி சொல்லுவே?"

"எல்லாம் நல்லாருக்குன்னு."

"என் தங்கம்!"

அலுவலகத்தில் அதிகாரி பிரவீனாவுக்குப் பக்கத்தில் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தார். லோஷினியின் இறந்துபோன அம்மாவுக்கு அண்ணன். பெக்கோக் ஊர்த் தோட்டங்களில் செம்பனைப் பழம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். போன பள்ளி விடுமுறையில் லோஷினியை அவர் வீட்டில் நலத்துறையினர் தங்கவைத்துப் பார்த்திருந்தார்கள்.

பள்ளிக்கூடம், பல்வலி, தடுப்பூசி என்று கேள்விகள் சுமுகமாகப் போயின. பிரவீனா பிள்ளை பக்கம் திரும்பினார்.

"லோஷினி, அங்கிள் ஆன்ட்டி வீடு எப்படி இருக்கு?"

"பாவக்கா!" என்றாள் லோஷினி.

"என்னம்மா?"

"பாவக்கா வைக்கிறாங்க மிஸ். மூக்கைப் புடிச்சிக்கிட்டு முழுங்குங்கறாங்க. அங்கிள் குறட்டை விடுறாரு, லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி. தலை சீவுறப்ப அசைஞ்சா ஆன்ட்டி குட்டு வைப்பேங்கறாங்க."

வாசுகி குறுக்கிட்டாள். "ஐயோ மிஸ், அது சும்மா..."

"நீங்க கொஞ்சம் இருங்கக்கா. வைப்பாங்களா, லோஷினி?"

"எங்க வைக்கிறது! சும்மா பயங்காட்டுவாங்க. எனக்குப் பயமே இல்ல. நீங்களே அவங்ககிட்ட சொல்லுங்க மிஸ், நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறாங்க."

திருச்செல்வம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு. எல்லாம் போச்சு.

அர்ச்சுனன் மெதுவாகக் கேட்டார். "மாமா வீட்ல எப்படிம்மா இருந்துச்சு?"

லோஷினி நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். பாவாடையைச் சரிசெய்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் நல்லாருந்துச்சு மாமா."

வாசுகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லிக்கொடுத்த வார்த்தையைக் கொண்டுபோய் யாரிடம் சொல்கிறது பாரு, இந்தப் பிள்ளை!

பிரவீனா லோஷினியை வெளியே மீன்தொட்டி பார்க்க அனுப்பிவிட்டு, "உங்க அபிப்பிராயம் என்ன சார்?" என்று அர்ச்சுனனைக் கேட்டார்.

"எனக்கு லாரி வேலைங்க. நேரங்காலம் கிடையாது. ஒத்துவராது. அவ இவங்ககிட்டயே இருக்கட்டும்."

"அவளுக்குன்னு ரூமுக்குப் பெயின்ட்கூட அடிச்சிருந்தீங்களே?"

"அது கிடக்குதுங்க."

பிரவீனா தலையசைத்து முடிவைச் சொன்னார். லோஷினி இப்போதைக்கு இந்த வீட்டிலேயே. மாமா விடுமுறையில் வந்து பார்க்கலாம். அடுத்த கூட்டத்தில் மறுபடி பேசுவோம்.

வாசுகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வெளியே வந்ததும் பிள்ளையை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பூவெல்லாம் நசுங்கிப்போயிற்று. "ஆன்ட்டி, மூச்சு முட்டுது" என்று அதற்கும் ஒரு புகார்.

"பாத்தீங்களா மனுசனை?" வாசுகி கண்ணைத் துடைத்துக்கொண்டே கணவரிடம் கிசுகிசுத்தாள். "வாயாடின்னு தெரிஞ்சதும் நைசா கழண்டுக்கிட்டாரு. கூடப் பொறந்தவ பிள்ளை! கல்லு நெஞ்சு. நமக்கு நல்லதாப் போச்சு, விடுங்க."

அவள் லோஷினியைக் காருக்கு அழைத்துப்போனாள். திருச்செல்வத்துக்குச் சும்மா போக மனசில்லை. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அர்ச்சுனனிடம் போனார்.

"ஏங்க, பிள்ளை கொஞ்சம் கூடுதலாப் பேசுவா. அதுக்காகவா வேணாம்னுட்டீங்க?"

அர்ச்சுனன் கார் பக்கம் பார்த்தார். உள்ளே லோஷினி வாசுகியிடம் கையை ஆட்டி ஆட்டி எதற்கோ சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்ல அவ ஒரு வார்த்தை குறை சொல்லலைங்க. வச்சதைச் சாப்பிட்டா, சொன்ன இடத்துல படுத்தா. அம்மா அப்பா போனப்புறம் நானும் அடுத்தவங்க வீட்ல அப்படித்தான் வாயத் தொறக்காம நல்ல பிள்ளையா வளந்தேன். அந்தக் கஷ்டம் அவளுக்கு வேணாங்க."

சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.