சாட்சிக் கூண்டில் ஆவுடையம்மாள்

அரிவாள் இருந்த பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமலே ஆயுள் தண்டனை கொடுத்தது தவறு, வழக்கை முதலிலிருந்து விசாரியுங்கள் என்று மேல்கோர்ட் சொல்லிவிட்டது. அந்த அப்பீலுக்காக ஆவுடையம்மாள் ஏழு வருஷம் வக்கீல் வாசலில் நின்றிருந்தாள். கொலை நடந்த இரவு புருஷன் சுடலை வீட்டில்தான் தூங்கினான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அவளும் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று அரக்கை உடைத்து அரிவாளை மேஜைமேல் வைத்தார்கள். எல்லோரும் அதைப் பார்க்க, அவள் சுடலையைப் பார்த்தாள். அவன் முகம் மலர்ந்தது.

இடைவேளையில், காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சற்று நகர்ந்ததும் சுடலை அவள் காதருகே குனிந்தான்.

"ஏட்டி, இனி பயமில்ல. இது அந்த அருவா இல்ல. வேற எதையோ கொண்டாந்து வச்சிருக்கானுவ."

"எந்த அருவா?" என்றாள்.

அவன் சிரிப்பு நின்றது. "போன தடவ சொன்னதயே சொல்லு. நான் வீட்லதான் கெடந்தேன்னு."

மதியம் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். மூன்றாவதற்குத்தான் எழுந்தாள்.

"போன தடவை சொன்னது எதுவும் இங்கே செல்லாதும்மா. புதுசாச் சொல்லுங்க" என்றார் நீதிபதி.

கூண்டேறிய ஆவுடையம்மாள் சுடலை நின்ற பக்கம் திரும்பவே இல்லை.