உருண்டையா, கட்டையா?

"எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு மடக்கு தண்ணீர் குடித்தான். அவ்வளவுதான். முன்வரிசையில் இருந்த அவன் மனைவி எழுந்துவிட்டாள்.

"ஒரு சந்தேகம் சார்!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. பேசுகிறவர் பேசி முடித்த பிறகுதான் கேள்வி என்பது அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதாத சட்டம். அதிலும் இன்று சாதாரண நாளா? அதிக வெப்பத்தில் ஓடப்போகும் புது அணு உலைக்கு எரிபொருளை எந்த வடிவத்தில் செய்வது என்று முடிவாகிற நாள். கணவன் கட்சி, கைக்குள் அடங்கும் உருண்டை. மனைவி கட்சி, துளை போட்ட அறுகோணக் கட்டை. அவள் முதலிலேயே கடகடவென்று பேசிக் கைதட்டலும் வாங்கியாகிவிட்டது.

"அம்மா, அவர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றார் தலைவர்.

"ஆரம்பமே இடிக்குதே சார்! உலைக்குள்ள ஆயிரக்கணக்குல உருண்டையைக் கொட்டப் போறாங்க. ஒண்ணோட ஒண்ணு உரசித் தூள் கிளம்பாதா?"

பின்வரிசையில் கிசுகிசுத்தார்கள். "வீட்டுச் சண்டையை இங்க இழுத்துட்டு வந்துட்டா."

"பாவம், அந்த மனுஷன் முகத்தைப் பாரு. வெளிறிப் போச்சு."

"கி... கிளம்பும்" என்றான் அவன். "அதுக்கு வடிகட்டி வச்சிருக்கோம்."

"சரி, நடுவுல ஒரு உருண்டை உடைஞ்சா? என் கட்டைல எது எங்க இருக்குன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்வேன். உங்க உருண்டை எங்க ஓடிச்சுன்னு யார் தேடறது?"

"எதுக்குத் தேடணும்?" அவன் குரல் ஏறியது. "அது தானா கீழ வழியா வெளிய வரும். சோதிச்சுப் பார்த்து, நல்லதை மறுபடி மேல போடுவோம், உடைஞ்சதை ஒதுக்கிடுவோம். உலை பாட்டுக்கு ஓடும். உன் கட்டை ஒண்ணு விரிசல் விட்டா, மாத்தறதுக்கு உலையையே நிறுத்தணும்! இதை எத்தனை தடவைடி சொல்றது உனக்கு?"

அரங்கம் கொல்லென்று சிரித்தது. தலைவர் கூட வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் விடவில்லை. "சூட்டை எடுத்துட்டுப் போற வாயு உருண்டைக் குவியலுக்குள்ள புகுந்து போகத் திணறுமே?"

"திணறும், ஒத்துக்கறேன். தள்ளிவிட சக்தி கூடத்தான் செலவாகும். ஆனா, நிறுத்தாம ஓடறதுல அதைப் போல பல மடங்கு மிச்சம். இங்க பாரு!"

பலகைக்குப் போனான். வரைந்தான், அழித்தான், வரைந்தான். தலைவர் மணி அடித்தது கூட அவன் காதில் விழவில்லை.

முடிவு கேட்டபோது ஏறக்குறைய எல்லாக் கைகளும் உருண்டைக்கே உயர்ந்தன. சின்னப் பிள்ளைகளைப் போல அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

வெளியே, கட்டைக் கட்சித் தோழி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா வேணும் உனக்கு! கட்டின புருஷனை ஒரு நிமிஷம் பேச விட்டியா? நீ வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தா நம்ம கட்டைதான் ஜெயிச்சிருக்கும்."

"தெரியும்" என்று சிரித்தாள் அவள். "மேடை ஏறினா அவருக்கு நாக்கு மேல ஒட்டிக்கும்டி, ஒரு வார்த்தை வராது. என்கூடச் சண்டைன்னா மட்டும்தான் மடை திறக்கும். அவர் தொண்டை தோத்ததுக்கு நம்ம கட்டைக்கு மாலையா?"