குரலுக்கு வரும் ஆடு

"உம் புருசனுக்கு நெஞ்சுல ஈரமே இல்ல சித்தம்மா. வளர்த்த ஆட்டையே வெட்டுக்குப் பிடிச்சுக் குடுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

அண்ணன் மகேந்திரன் மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிட்டான். அத்தனையும் உண்மையாச்சே!

அவர்கள் ஊரான ஹனூர்ப் பக்கம் மூன்று வருஷமாக மழை ஏமாற்றிவிட்டது. ஓடை வறண்டது, மேய்ச்சல் கருகியது. நாற்பது ஆட்டையும் மைசூர்க் கறிக்கடைக்காரர் ஒருத்தருக்கு விற்றுவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் அதே மைசூரில் அண்ணன் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டார்கள்.

அண்ணன் அலையாய் அலைந்து தங்கை புருஷனுக்கு ஒரு அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தான். தங்க ரூமும் உண்டு. இந்த மனுஷனோ, "பத்து நாள் போகட்டும்" என்று ஆடு வாங்கிய அதே கடைக்கு வேலைக்குப் போகிறார்! இன்றைக்கு மதியத்துக்குள் சேராவிட்டால் வேலையும் போச்சு, ரூமும் போச்சு.

பொறுத்தது போதுமென்று சித்தம்மா, அந்தக் கடை இருக்கும் தேவராஜ மொஹல்லாவுக்கு ஆட்டோ பிடித்தாள்.

கடைக்குப் பின்னால் கொட்டகை. வாசலில் அவள் புருஷன் கெம்பையன். உள்ளே ஒரே ஓர் ஆடு.

"ஏனுங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

கடைக்காரர்தான் குறுக்கே வந்தார்.

"அவரைத் திட்டாதேம்மா. முதல் நாள் உங்க ஆடுங்க வெட்டற இடத்துக்கு நகரவே இல்லை. கயித்துல கட்டி இழுத்தோம், அடிச்சோம். ஒரே கத்தல். அதைப் பார்த்துட்டு இவர், 'அடிக்காதீங்க, நானே கூட்டியாறேன்'னு என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"நம்ம குரல் கேட்டா பட்டிக்குப் போறோம்னு நெனச்சுக்கும், சித்தம்மா," என்றார் கெம்பையன். "பயப்படாமப் போகும். நம்மால ஆனது அவ்வளவுதான். இதுதான் கடைசி. முடிஞ்சா நேரா ரூமுக்குப் போயிரலாம்."

இவரையா சித்தம்மா பத்து நாளாகக் கரித்துக் கொட்டினாள்!

"இது ஒண்ணையாவது..."

"ஆட்டோட வந்தா ரூம் இல்லைன்னுட்டாங்க."

அவர் நாக்கை மடித்து, "ட்ர்ர்... ஹோய்" என்றார். ஆடு மூலையில் ஒடுங்கி நடுங்கியது. வெட்டுகிற ஆள் கயிற்றோடு உள்ளே போனான்.

ஆட்டின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி. தாய் செத்துப்போன குட்டி அது. சித்தம்மா மடியில் போட்டு, பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது.

"இது எங்குரலுக்கு வராது. உனக்கே தெரியுமல்ல?" கெம்பையன் வாசலை விட்டு ஒதுங்கினார். "நீ கூப்பிடு."

கயிறு ஆட்டின் கழுத்தை நெருங்கியது.

சித்தம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சுட்டி... வா கண்ணு. வீட்டுக்குப் போலாம்."

ஆடு துள்ளிக்கொண்டு ஓடி வந்தது.