சண்டை முன்னறிவிப்பு

கணினி சர்வர்கள் பழுதாகும் முன்பே மோப்பம் பிடித்துச் சொல்லும் மென்பொருளைப் பழக்குவதுதான் கோதையின் வேலை. எச்சரிக்கை வந்ததும் அந்த சர்வரின் பளுவை வேறொன்றுக்கு மாற்றிவிடுவார்கள். அதே மென்பொருள் ஒரு சின்னப் பெட்டியாக வீடுகளுக்கும் வந்தபோது, அவள் கணவன் தயாபரன் முதல் ஆளாக வாங்கிச் சுவரில் மாட்டினான். பாத்திரம் வைக்கும் ஓசை, குரலின் சூடு எல்லாம் கேட்டு, "மாலை சண்டை வரலாம்" என்று அது சொன்னால் போதும். அவன் தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவான். மறுநாள் பூவோடு வருவான்.

கல்யாணமாகி இரண்டு வருடத்தில் ஒரு சண்டைகூட இல்லை. மனம்விட்டு ஒரு பேச்சும் இல்லை. யாரோடு குடித்தனம் நடத்துகிறோம் என்று கோதைக்கே சில நேரம் சந்தேகமாக இருந்தது.

ஆனால் அந்தப் பெட்டியை ஏமாற்ற அவளுக்கா தெரியாது? ஒரு வாரம் டம்ளர்களைப் பூப்போல வைத்தாள். பாட்டுகூட முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை காபியை நீட்டியபடி தேனொழுகச் சொன்னாள்: "பேசாம உங்கக்கா வீட்டோடயே இருந்துடேன், தயா."

அவன் பதறிச் சுவரைப் பார்த்தான். "அது ஒண்ணுமே சொல்லலையே!"

"நான் சொல்றேன்ல?"

"நீ மட்டும் என்னவாம்? நான் போனா ஒரு தடவையாவது 'வா'ன்னு கூப்பிட்டிருக்கியா?"

அவன் குரல் தழுதழுத்தது. அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதே இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

மத்தியானம் அக்கா போன் செய்தாள். "வர்றியாடா? உனக்கும் சேர்த்து உலை வைக்கவா?"

"இல்லக்கா, இங்க சண்டை நடக்குது. இன்னும் பாதிகூட முடியல. அப்புறம் பேசறேன்."