மாப்பிள்ளை விதைத்த கொல்லை

“யானை! யானை வந்துட்டுதுடா! தட்டுங்க, விடாதீங்க!”

பரண் மேலிருந்து கங்கப்பன் கத்தினார். நாலு பக்கமும் தகரங்கள் அலறின. யாரோ ஒரு சரம் பட்டாசைக் கொளுத்தி வீசினார்கள். சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து புதரை விலக்கிக்கொண்டு உறுமி வந்த உருவம், பட்டாசு வெடித்ததும் திடுக்கிட்டு நின்றது.

ஜீப்!

“அய்யோ சாமி!” என்று தகரத்தைக் கீழே போட்டான் பக்கத்துக் கொல்லைக்காரன் எல்லப்பன். “கங்கண்ணா, யானை இல்லே! உங்க மாப்பிள்ளை! கூடவே பல்கலைக்கழகத்துப் பெரியவரு!”

காலை வெயிலில் ஜீப்புக்கும் யானைக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு ஊர் தூக்கம் கெட்டுக் கிடந்தது. எல்லாம் கங்கப்பனின் மருமகன் நாராயணப்பனுக்காக.

நாராயணப்பன் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விவசாயப் பாடம் நடத்துகிறவர். ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகம் அந்த வருஷம் மூன்று பரிசுகள் அறிவித்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஒன்று, ஐம்பது வரைக்கும் ஒன்று, அதற்கும் மேலே பழுத்தவர்களுக்கு ஒன்று. தை பிறந்தால் நாராயணப்பனுக்கு முப்பத்தைந்து முடிகிறது. இப்போது தவறினால், நடுப் பரிசுக்கு வரிசையில் நிற்கும் ஜாம்பவான்களோடு மோத வேண்டியதுதான். இளையவர் பரிசு வாங்கியவருக்கு இங்கே ஓசூர்ப் பக்கமே ஒரு ஆராய்ச்சிப் பண்ணையைக் கொடுத்து அனுப்புவார்கள் என்று பேச்சு. அனுப்பினால் மகள் முனிலட்சுமி ஊரோடு வந்துவிடுவாள். கங்கப்பனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆடியில் நாராயணப்பன் வந்தார். மாமனாரின் நல்ல கொல்லைகளையெல்லாம் விட்டுவிட்டு, காட்டை ஒட்டிய கோடிக் கொல்லையில் தன் புதுத் தினுசு ராகியை விதைத்தார். புறப்படும்போது, “காவல் கீவல் எதுவும் வேண்டாம் மாமா. சிரமப்படாதீங்க. அது பாட்டுக்கு இருக்கட்டும்” என்றார்.

“மாப்பிள்ளைதான் வேணாங்கறாரே அண்ணா” என்று எல்லப்பன் அப்போதே கேட்டான்.

“எந்த மாப்பிள்ளைடா வாயைத் திறந்து வேணுங்கறான்? இலைக்குக் குறுக்கே கையை வெச்சுப் ‘போதும், போதும்’பான். நாம விட்டுடறமா? விரல் சந்துல நெய்யை ஊத்தறதில்லே?”

ஊற்றினார். தாராளமாகவே ஊற்றினார். ராகி பால் பிடித்த நாளிலிருந்து ஊரே அந்தக் கோடிக் கொல்லையைச் சுற்றி நின்றது. இங்கே விரட்டப்பட்ட யானைகள் கோபத்தோடு எல்லப்பன் கொல்லையில் இறங்கி, தாள்கூட மிஞ்சாமல் தின்றுவிட்டுப் போயின.

“என் குதிர்ல இருந்து உனக்கு அளக்கறேன், அழுவாதே” என்று கங்கப்பன் சமாதானம் சொல்லியிருந்தார்.

ஜீப்பிலிருந்து இறங்கிய பெரியவர், பரிசுக் குழுவின் தலைவர், கோட்டில் ஒட்டிய பட்டாசுக் காகிதத்தைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

“மேளம், வெடி... எனக்கு யாரும் இவ்வளவு பலமா வரவேற்பு கொடுத்ததே இல்லை!”

நாராயணப்பன் மாமனாரிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. நேரே கொல்லைக்கு ஓடினார். ஒரு கதிர் ஒடியவில்லை. வரப்போரம் குனிந்து பார்த்தார். முறம் முறமாக யானைக் காலடிகள். நிமிர்ந்தபோது அவர் முகம் ஜொலித்தது. ஓடி வந்து, கல்யாணமான நாளிலிருந்து செய்யாத காரியமாக, மாமனாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

“மாமா! பரிசு நமக்குத்தான் மாமா!”

கங்கப்பன் மருமகனின் முதுகைத் தட்டிக் கொடுத்தார். வேண்டாம் வேண்டாம் என்ற மனுஷனுக்கு இப்போது பார், எத்தனை சந்தோஷம்!

தலைவர் பக்கத்துக் கொல்லையைக் காட்டினார். “அது யாருடையது?”

“என்னுதுங்க” என்றான் எல்லப்பன் பரிதாபமாக. “நாட்டு ராகிங்க. யானை மேஞ்சுட்டுது.”

“அப்படியா! ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது!” என்று தலைவர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“எங்கொல்லை போனதுல இந்த ஆளுக்கு என்னாண்ணா சந்தோஷம்?” என்று எல்லப்பன் கங்கப்பன் காதைக் கடித்தான்.

“சும்மா இருடா. படிச்சவங்க.”

தலைவர் பேனாவின் மூடியைத் திருகினார். “நாராயணப்பன், நான் பார்க்க வந்ததைப் பார்த்துட்டேன். இளையவர் பரிசு உங்களுக்குத்தான். என் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் கண்விழித்த ஊருக்கு ஒரு வார்த்தை நன்றிகூட இல்லையா? கங்கப்பனுக்கு மனசு கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தார்.

“ஐயா தப்பா நெனைக்கக்கூடாது. இந்தப் பரிசுல எங்க ஊருக்கும் பங்கு உண்டுங்க. மாப்பிள்ளை என்னவோ காவலே வேணாம்னுதான் சொன்னாரு. நான் விடுவனா? பரணுக்கு ரெண்டு ஆளு, வரப்புக்கு நாலு ஆளு. இப்ப உங்களுக்கு அடிச்சமே, அதே தகரம், அதே வெடி! யானைக் கூட்டம் வரப்பு வரைக்கும் வந்துச்சுங்க. உள்ளே ஒரு தும்பிக்கை நீளணுமே? கங்கப்பன் கிட்டயா நடக்கும்!”

நாராயணப்பன் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். ‘புள்ளைக்குச் சந்தோஷத்துல காலு நிக்கலை’ என்று கங்கப்பன் நினைத்துக்கொண்டார்.

தலைவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கொல்லையைப் பார்த்தார். கங்கப்பனைப் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

“ஏன் நாராயணப்பன், யானை வாய் வைக்காத ராகியைக் கண்டுபிடிச்சிருக்கேன்னு சொன்னீங்களே... வாய் வைக்காதது யானையா, வைக்க விடாதது உங்க மாமனாரா?”